முருங்கை நட்ட நிலம் பறிபோகாமல் அம்மாள் காத்தாள்

எங்கள் தெய்வமான அம்மாளை நம்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லவேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். வேலையும் களைப்பும் விடவில்லை. இன்று எழுதுகிறேன்.

சென்ற மே மாதம், முதல் வெள்ளிக்கிழமை. லண்டன் ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் எனக்குக் காலை ஷிப்ட். என்னோடு வேலை செய்யும் மேமுனா இடைவேளையில் என்னருகே வந்து இருந்தாள். கானாவின் வடக்குப் பகுதியைச் சேர்ந்தவள். தேநீரைத் தொடவில்லை.

"நிலத்தைத் திருப்பிக் கேட்கிறார், சிஸ்டர்" என்றாள்.

அது அவளுடைய அக்கா அசானாவும் ஊர்ப் பெண்களும் இரவலாகப் பெற்ற நிலம். புல்லும் முளைக்காத தரை என்றுதான் ஊர்ப் பெரியவர் கொடுத்தார். அவர்கள் மழைநீர் ஓடாமல் கற்களை வரிசையாக அடுக்கினார்கள். குழி தோண்டி மாட்டெருவும் சருகும் இட்டார்கள். சில வருடங்களில் நிலக்கடலையும் வெண்டியும் விளைந்தன. புருஷன்மாரிடம் கை நீட்டாமல் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். மேமுனா எல்லாவற்றையும் வீடியோவில் எனக்குக் காட்டுவாள். ஆடுகள் புகுந்து மேய்கின்றன என்று அவள் சொன்னபோது, முருங்கைத் தடிகளை நெருக்கமாக நட்டு வேலி போடச் சொன்னது நான்தான். நட்டார்கள். எல்லாம் துளிர்த்தன.

அந்த ஊரில் மரம் நடுகிறவர் நிலத்துக்கு உரிமை கேட்கிறார் என்று அர்த்தமாம். அசானா அதை வேலியாகத்தான் பார்த்தாள், மரமாக நினைக்கவில்லை. பெரியவர் மரமாகப் பார்த்தார். விதைப்புக்கு முன் வெளியேறச் சொல்லிவிட்டார்.

"பிடுங்கிவிட்டால்?" என்றேன்.

"கோபத்தில் பிடுங்கினோம் என்பார். நீங்கள் இனி யோசனை சொல்லவேண்டாம், சிஸ்டர்." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"எங்கட பின்வளவில ஒரு கறிவேப்பிலைக் கன்று தப்பாது. நீர் கானாவில வேலி போட்டு, எல்லைச் சண்டையும் கிளப்பிப்போட்டீர்" என்றார்.

"பகிடி விடாதேங்கோ. அதுகள் விதைக்க ஏலாமப் போனா நான் என்ன செய்யிறது?"

"நீர் செய்ய ஒண்டும் இல்லையப்பா. உம்மட அம்மாளிட்டச் சொல்லும்."

வெள்ளிதோறும் விரதமிருந்தேன். ஷிப்ட் முடிந்து வெம்பிளிக் கோயிலுக்குப் போவேன். முழங்கால் வலி. நின்று கும்பிட முடியாது. தேவாரம் பாடத் தெம்பில்லை. ஒருநாள் தூணில் சாய்ந்து நித்திரையாகியும் போனேன். ஒரே வசனத்தைத்தான் சொன்னேன். "அம்மாளே, மரம் போனாலும் போகட்டும். அந்த மண்ணை அவர்களிடம் விட்டுவிடு." அங்கே மழை தொடங்கிவிட்டது. மற்றவர்கள் விதைத்துவிட்டார்கள் என்று மேமுனா சொன்னாள். எனக்கு அம்மாள் மேலேயே கோபம் வந்தது. அழுதேன்.

ஜூன் மாதக் கடைசி வெள்ளி. மேமுனா போனோடு ஓடி வந்தாள்.

அசானா தங்கள் வழக்கப்படி மரியாதைக்குக் கொடுக்கும் கோலாக் கொட்டைகளைக் கொண்டுபோய்ப் பெரியவர் முன் முழந்தாளிட்டிருக்கிறாள். "ஐயா, மரங்கள் உங்களுடையவை. உங்கள் வீட்டுக்காக நாங்கள் நட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றாளாம். அவர் மறுநாள் காலை தம்பிமாரோடு வயலுக்கு வந்தார். வேலியோரம் முழுவதும் நடந்து பார்த்தார். பிறகு எல்லோர் முன்னிலையிலும், "மரங்கள் என்னுடையவை. இவை நிற்கும்வரை இந்தப் பெண்கள் இங்கே விதைக்கட்டும்" என்றார்.

"சிஸ்டர், இந்த மரம் எவ்வளவு காலம் நிற்கும்?" என்று கேட்டாள்.

"வெட்டினாலும் திரும்பத் தழைக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு இருவரும் அழுதோம்.

இது அசானாவின் கெட்டித்தனம் என்று நீங்கள் சொல்லலாம். ஓம், கெட்டிக்காரிதான். அந்தச் சொல்லை அவள் வாயில் வைத்தது யார்? மேமுனா அல்லா என்கிறாள். நான் அம்மாள் என்கிறேன். எங்களுக்குள் சண்டை இல்லை.

அவர்கள் பிந்தித்தான் விதைத்தார்கள். ஆனாலும் முளைத்துவிட்டது. எனக்கு அதே ஷிப்ட், அதே முழங்கால். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போது யாருக்கும் யோசனை சொல்லுமுன் அவர்களுடைய வழக்கத்தைக் கேட்கிறேன்.

உதவப் போய்க் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று குமைகிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். திருத்த உங்களால் முடியாமல் இருக்கும். அம்மாளிடம் ஒப்படையுங்கள். பாட்டு வேண்டாம், அழகான சொல்லும் வேண்டாம். களைத்துப்போய்ச் சொல்லும் ஒரு வசனம் போதும். அம்மாள் கேட்கிறாள்.