கையில கனத்த ஹார்டு டிஸ்க்கு

கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள இருந்து டிக், டிக்னு சத்தம் வந்தப்பவே லைட்டு சோத்துத் தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுட்டான். பொண்டாட்டி பல்லியா இருக்கும்னு சொன்னா. பல்லி நெனச்சா கத்தும், நெனச்சா நிறுத்தும். இது நிக்காம அடிக்குது. மூடியக் கழட்டிக் காதை வச்சுக் கேட்டான். உள்ள இருக்குற டிஸ்க்குதான். சாகப்போற சத்தம்.

லைட்டுங்கிறது அவன் பேரு இல்ல. அவன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். மேடைக்குக் கீழ நின்னுக்கிட்டு "லைட்டு, லைட்டு"ன்னு பொண்டாட்டியப் பார்த்துக் கத்துவான். விளக்குப் புடிக்கிறது அவதான். இருபது வருஷமாக் கத்திக் கத்தி அதுவே பேரா ஒட்டிக்கிச்சு. பெத்தவங்க வச்ச பேரு இப்ப கரண்டு பில்லுல மட்டும்தான் இருக்கு.

வேலைன்னு வந்துட்டா அவனைச் சும்மா சொல்லக்கூடாது. கல்யாணப் பொண்ணு எப்ப சிரிக்கப்போறான்னு அவளுக்கு முன்னாடி இவனுக்குத் தெரியும். ஆனா எடுத்ததைக் கொண்டுபோய்க் குடுக்கிறதுல அப்படி ஒரு சோம்பேறி. மூணு கல்யாணம் எடுத்தது எடுத்தபடியே கம்ப்யூட்டருக்குள்ள கிடந்துச்சு. கேமராவுல போடுற குட்டிக் கார்டு ரெண்டே ரெண்டுதான் வச்சிருந்தான். ஒரு கல்யாணம் முடிஞ்சதும் கம்ப்யூட்டர்ல எறக்குவான், கார்டைத் துடைப்பான், அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிருவான். அப்படின்னா அந்த மூணு கல்யாணமும் இந்த உலகத்துல அந்த டிக் டிக் பெட்டிக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு.

மூணாவது கல்யாணம் ஒரு நர்ஸ் பொண்ணோடது. தான் பார்த்த பையனைத்தான் கட்டிக்குவேன்னு சொன்ன நாள்ல இருந்து அவ அப்பன் அவகிட்ட பேச்சை நிறுத்திட்டான். நாலு வருஷம். கல்யாணத்தன்னைக்குக் காலையில அந்தப் பொண்ணு போனை நீட்டி லைட்டுகிட்ட ஒரு படத்தைக் காட்டினா.

"இது எங்கப்பா. வரமாட்டாரு. வந்தா எடுத்துருங்கண்ணா."

வந்தான். எல்லாரும் மேடையப் பார்த்துக்கிட்டிருக்கும்போது மண்டபத்துக் கடைசி வரிசையில, ஒரு தூணோரமா, சுவரோட சுவரா வந்து நின்னான். மேடையில நின்ன பொண்ணுக்கு முகத்துல விளக்கு அடிச்சதால கடைசி வரிசை இருட்டு. லைட்டுதான் கேமராவத் திருப்பி, ஜூம் பண்ணி இழுத்துப் புடிச்சான். பத்து நிமிஷம். அப்புறம் மனுஷன் யாரையும் பார்க்காமப் போயிட்டான். சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் தெரியாது. போட்டோவுலயும் இல்ல. லைட்டு எடுத்ததுல மட்டும்தான் அந்த ஆள் கல்யாணத்துக்கு வந்திருந்தான்.

அன்னைக்கே பொண்ணுகிட்ட சொல்லிட்டான், "வந்தாரும்மா, எடுத்து வச்சிருக்கேன்"னு. அதுல இருந்து அவ வாராவாரம் போன்.

"அண்ணா, பாட்டெல்லாம் போட வேணாம். வெட்டி ஒட்ட வேணாம். அந்தப் பத்து நிமிஷத்த மட்டும் குடுங்கண்ணா."

"பத்திரமா இருக்கும்மா. மொத்தமா அழகாப் பண்ணிக் குடுத்துடறேன்."

அந்தப் பத்து நிமிஷத்தப் பிரிச்சுக் குடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ குடிக்கிற நேரம். அதைச் செய்யல. அழகாப் பண்றானாம், அழகா!

இப்ப டிக் டிக்.

"ஹார்டு டிஸ்க்கு வாங்கி வைங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"னு ஆரம்பிச்சா பொண்டாட்டி. "லென்ஸ் வாங்கினீங்க, புதுசா ஸ்டாண்டு வாங்கினீங்க. எடுக்கிறதுக்கே வாங்குங்க, வைக்கிறதுக்கு வாங்காதீங்க."

"இப்பக் கத்தி என்ன? செருப்பைப் போடு, கிளம்பு."

கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டுட்டு ரெண்டு பேரும் கடைத்தெருவுக்கு ஓடினாங்க. முதல்ல கண்ணாடி போட்ட பெரிய கடை. அங்க இருந்தம்மா பொறுமையா எடுத்துக் காட்டினா. உள்ளங்கை அளவு இருந்துச்சு, கறுப்பா, சோப்புக்கட்டி மாதிரி. எவ்வளவு கொள்ளும்ங்கிறதுக்கு டெரான்னு ஒரு அளவு இருக்கு. இது ரெண்டு டெரா. மூணு வருஷத்துக்கு எழுதிக் குடுக்குறாங்க, கெட்டுப்போனா மாத்தித் தருவோம்னு.

"உங்க வேலைக்கு ரெண்டு டெராவே தாராளம் சார்"னா அந்தம்மா. "பெருசா ஒண்ணு வாங்குறதுக்குப் பதிலா சின்னதா ரெண்டு வாங்குங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். போட்ட பிறகு எல்லாத்தையும் ஒருதடவை திறந்து ஓட்டிப் பாருங்க. முக்கியமா கடைசியாப் போட்டதை."

லைட்டு அந்த ரெண்டு டெராவ வாங்கி உள்ளங்கையில வச்சுத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். மூஞ்சி சுருங்கிருச்சு.

"ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே. காத்தடிச்சாப் பறந்துரும் போல."

"இப்ப எல்லாம் லேசாத்தான் சார் வருது."

"பார்த்துட்டு வரேம்மா"ன்னுட்டு வெளிய வந்துட்டான். பொண்டாட்டி சட்டையப் புடிச்சு இழுத்தா. "எங்க போறீங்க? அந்தம்மா சொன்னது காதுல விழலையா?"

விழுந்திருக்காது. ஏன்னா பக்கத்துச் சந்துல மேசை போட்டு ஒருத்தன் சார்ஜரு, ஒயரு, போன் உறைன்னு பரப்பி வச்சிருந்தான். நடுவுல வெள்ளி மாதிரி மின்னிக்கிட்டு ஒரு பெட்டி. பதினாறு டெரான்னு பெருசா அச்சடிச்சிருக்கு. கடையில கேட்டதுல பாதி விலை. லைட்டு எடுத்துக் கையில வச்சான். கை கீழ எறங்குச்சு. அவன் கண்ணு விரிஞ்சுருச்சு.

அது கேமராக்காரங்க புத்தி. லென்ஸு கனமா இருந்தா உள்ள நெஜக் கண்ணாடி, லேசா இருந்தா பிளாஸ்டிக். ஸ்டாண்டு கனமா இருந்தா ஆடாது. இருபது வருஷமா இந்தக் கை தூக்கிப் பார்த்துச் சொன்னது ஒருதடவைகூடத் தப்பினதில்ல. அந்தக் கையத்தான் நம்பினான்.

"பாரு, இதுதான் சாமான். உள்ள சரக்கு இருக்கு."

"எடை போட்டு வாங்க இது என்ன கிழங்கா?"னா அவ. "ஏங்க, பதினாறு எப்படிங்க ரெண்டை விட விலை கம்மியா இருக்கும்? கொஞ்சம் யோசிங்க."

மேசைக்காரன் சிரிச்சான். "அக்கா, அங்க வாடகை, கண்ணாடி, ஏசி எல்லாத்துக்கும் சேர்த்து நீங்க குடுக்கணும். இங்க என் தலைக்கு மேல வானம்தான்."

"வானம் பார்த்து விக்கிறவன்கிட்ட நாளைக்கு எங்க வந்து கேக்கிறது?"

"இதே இடத்துலதான் இருப்பேன்க்கா."

லைட்டு வாங்கிட்டான்.  

வீட்டுக்கு வந்து ஒயரைச் செருகினான். டிஸ்க்கு டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்க, ஒவ்வொரு கல்யாணமா ஏறுச்சு. முழுப்பகலும் நாற்காலிய விட்டு எந்திரிக்கல. ஒண்ணுக்குக்கூட ஓடிப்போய் ஓடிவந்தான். மூணும் ஏறி முடிஞ்சதும் முதல் கல்யாணத்தைத் திறந்து ஓட்டினான். பளிச்சுனு ஓடுச்சு. பொண்ணு, மாப்பிள்ளை, சத்தம் எல்லாம் சுத்தம். மத்த ரெண்டுக்கும் பேரு இருக்கு, அளவு இருக்கு. "போதும்"னு மூடினான். கடைசியாப் போட்டதைத் திறந்து பாருன்னு அந்தம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னா. ஒரு தட்டு தட்டியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அன்னைக்குப் பழைய டிஸ்க்குக்கும் உசிரு இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு டிக் டிக் நின்னுச்சு. கம்ப்யூட்டர் எந்திரிக்கவே இல்ல. லைட்டு ஆடாத குறைதான். "பார்த்தியா? கரெக்டான நேரத்துல எடுத்தேன் பார்த்தியா?"ன்னு பொண்டாட்டி கன்னத்தைக் கிள்ளினான். அவளும் பாவம், சிரிச்சுட்டா.

நர்ஸ் பொண்ணு போன் பண்ணினா. இந்த முறை இவனுக்கே ரோஷம் வந்து, "நாளைக்குக் கொண்டுவந்து தரேம்மா"ன்னு சொல்லிட்டான். தெரிஞ்சவன்கிட்ட ஒரு கம்ப்யூட்டரை இரவல் வாங்கிட்டு வந்து, அந்தக் கனத்த பெட்டியச் செருகி, மூணாவது கல்யாணத்தைத் திறந்தான்.

கறுப்பு.

மூடித் திறந்தான். கறுப்பு. அடுத்த வீடியோத் துண்டு, அதுக்கடுத்தது, நாப்பது துண்டையும் தட்டினான். எல்லாத்துக்கும் பேரு இருக்கு, ஒண்ணுலயும் படம் இல்ல. ரெண்டாவது கல்யாணத்துல பாதி வரைக்கும் ஓடி, பொண்ணு வாயத் திறந்தபடியே நின்னுபோச்சு.  ஒயரை மாத்தினான். பெட்டியத் தட்டினான். மண்டியிட்டு, "தாயே, தாயே"ன்னான். அவன் எந்தச் சாமியையும் கும்புடாதவன். எந்தத் தாயக் கூப்பிட்டானோ.

ரெண்டு பெட்டியையும் தூக்கிக்கிட்டு ரிப்பேர்க்காரர்கிட்ட ஓடினான். அவர் பழைய டிஸ்க்கைப் பார்த்துட்டு, "உள்ள தட்டு தேஞ்சுருச்சு. இதுல பூதக்கண்ணாடி வச்சுத் தேடினாலும் ஒண்ணும் கிடைக்காது"ன்னார். அப்புறம் வெள்ளிப் பெட்டியத் திருப்புளி வச்சு நெம்பினார். மூடி திறந்துச்சு. உள்ள ரெண்டு பெரிய இரும்பு போல்ட்டு. பசை போட்டு ஒட்டியிருந்துச்சு. ஓரத்துல விரல் நகம் அளவுக்கு ஒரு கார்டு.

ரிப்பேர்க்காரர் சிரிக்கல. அதுதான் இன்னும் மோசம். "இந்தக் கார்டு கொள்ற அளவுக்கு நெஜமா எழுதும். அதுக்கு மேல பேரை மட்டும் எழுதிட்டு மீதியக் கீழ போட்டுரும். பெட்டிக்குள்ள ஒண்ணும் இல்லன்னு தெரியக்கூடாதுன்னுதான் இந்த போல்ட்டு."

"சார், ஏதாவது வழி..."

"இருந்தாத்தானப்பா எடுக்க முடியும்? இது ஏறவே இல்லையே."

சந்துக்கு ஓடினான். மேசை இருந்த இடத்துல ஒருத்தி குடை வித்துக்கிட்டிருந்தா. "அவனா? அவன் ஒரு இடத்துல நின்னு பார்த்ததே இல்ல"ன்னா.

வீட்டுக்கு வந்தான். பொண்டாட்டிகிட்ட சொன்னான். எப்பவும் "ஏங்க, வாங்க"ன்னு பேசுறவ அன்னைக்குத்தான், "யோவ்! அந்தப் பொண்ணு உன்கிட்ட கேட்டது பத்து நிமிஷம்யா, பத்து நிமிஷம்!"னு கத்திட்டு அடுப்படியில போய் உக்காந்துட்டா. அவன் வாசல்ல உக்காந்தான். கேமராவ வித்துறலாமான்னு யோசிச்சான். ஊரை விட்டுப் போயிறலாமான்னு யோசிச்சான். அதுக்கு மேலயும் யோசிச்சான், அதை விடுங்க. கொஞ்ச நேரத்துல அவளே வந்து முதுகுல ஒரு தட்டு தட்டினா.

"போய்ச் சொல்லுங்க. போன்ல சொல்லாதீங்க. நேர்ல போய்ச் சொல்லுங்க."

நர்ஸ் பொண்ணு வேலை முடிஞ்சு வந்து அப்பத்தான் கதவைத் திறக்கிறா. இவன் கையப் பார்த்தா. வெறுங்கை. எல்லாத்தையும் சொன்னான், பாதியில நின்னுபோன ரெண்டாவது கல்யாணம், போல்ட்டு உட்பட. அவ அழல. சாவிய மட்டும் கையில உருட்டிக்கிட்டு நின்னா.

"வந்தாருன்னு சொன்னது பொய்யாண்ணா?"

"அம்மா! என் கண்ணால பார்த்தேம்மா!"

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீங்களா ஒண்ணு சொல்லியிருப்பீங்க. இப்ப காட்டுன்னதும் அழிஞ்சுபோச்சுங்கிறீங்க."

 திட்டியிருந்தாத் தாங்கியிருப்பான். "நீல சட்டைம்மா. கைய முதுகுக்குப் பின்னாடி கட்டியிருந்தாரு. நீங்க மேடையில திரும்பும்போதெல்லாம் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சாரு."

"அழுதாரா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "தெரியலம்மா. அப்ப நான் ஃபோகஸைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அந்த ஒரு பதிலுக்குத்தான் அவ நிமிர்ந்து அவன் மூஞ்சியப் பார்த்தா. பொய் சொல்றவன் இந்த இடத்துல அப்பனை அழ வச்சிருப்பான்னு தோணியிருக்கும். கதவைத் திரும்பப் பூட்டினா.

"வண்டிய எடுங்க. இதை அவர் முன்னாடி வந்து சொல்லுங்க."

அப்பன் வீடு ரெண்டு தெரு தள்ளி. நாலு வருஷமா ரெண்டு தெருவு! லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ரிட்டயர் ஆன மனுஷன், வாசல்ல தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தான். மகளைப் பார்த்ததும் சாய்ச்ச கை சாய்ச்சபடியே நின்னுச்சு.

"எதுக்கு வந்த?"

"நீங்க என் கல்யாணத்துக்கு வந்தீங்களாப்பா?"

"யாரு சொன்னது?"

"இந்த அண்ணன். வீடியோ எடுத்தவரு."

மனுஷன் லைட்டை மேலயும் கீழயும் பார்த்தான். "படத்துல விழுந்திருக்கேனா?"

லைட்டு ஒரு அடி முன்னால வந்தான். "விழுந்தீங்கய்யா. இப்ப இல்ல. என் தப்பு. அழிஞ்சு போச்சு."

செடித் தொட்டி நிரம்பி வழிஞ்சு தண்ணி படியில ஓடுச்சு. அப்பன் குவளைய நிமித்தவே இல்ல, ஊத்திக்கிட்டே நின்னான்.

"அப்ப நான் வரல"ன்னான்.

பொண்ணு அந்த ஈரப் படியிலயே உக்காந்துட்டா. "சரிப்பா. நீங்க வரல. நான் வந்திருக்கேன்ல. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

அவன் குவளைய வச்சுட்டு உள்ள போனான். திட்டவும் இல்ல, கூப்பிடவும் இல்ல. கதவைச் சாத்தல, அவ்வளவுதான். அவ திரும்பிப் பார்க்காமலே சொன்னா, "நீங்க கிளம்புங்கண்ணா. இன்னொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லணுமே."

லைட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணல. அந்தச் சத்தத்துல மனுஷன் மனசு மாறிருவானோன்னு பயம். தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டே போனான்.