மெடல் விளிம்பில் இருந்த வேலை

எங்கள் பெரியப்பா மகன் கோழிப்பண்ணை வைத்து வசதியானவர். ஊர்ப் பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்டிக் கொடுத்தார். அதன் கல்வெட்டில், விக்டோரியா ராணி காலத்தில் பர்மாச் சண்டைக்குப் போன எங்கள் தாத்தாவின் தாத்தா பெயரைப் போட்டார். அவர் வாங்கிய மெடல் என் வீட்டுப் பீரோவில் கிடந்தது. திறப்பு விழாவில் வைக்க அதைக் கேட்டார்.

எடுத்துத் துடைத்தேன். ஒரு பக்கம் ராணியின் தலை. மறுபக்கம் இறக்கை வைத்த பெண் ஒருத்தி, உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு முடி சூட்டுகிறாள். விளிம்பில் பொடி எழுத்து. செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினேன். தாத்தா பெயருக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் 'டிரைவர்' என்று இருந்தது.

மெடல் வெண்கலம். விசாரித்தபோது விவரம் தெரிந்தது. பர்மா ராஜாவை இறக்கிவிட்டு வெள்ளைக்காரன் நாட்டைப் பிடித்த சண்டை அது. சிப்பாய்களுக்கு வெள்ளி மெடல். 'டிரைவர்' என்று எழுதப்பட்ட, மூட்டை மாடு ஓட்டியவர்களுக்கும், அடிபட்டவர்களை டோலியில் தூக்கியவர்களுக்கும் அதே அச்சில் வெண்கலம்.

நான் இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவன். சந்தோஷம் தாங்காமல் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. கல்லில் 'சுபேதார்' என்று பட்டாள அதிகாரி பதவி போட்டு வெட்டியாகிவிட்டதாம்.

"டிரைவர்னு போட்டா நாலு பேரு என்ன நெனைப்பாங்க தம்பி? பேசாம மெடலக் குடு."

"நானும் டிரைவர்தானுங்கண்ணா. என்னையப் பத்தியும் அப்படித்தான் நெனைக்கறீங்களா?"

"உன்னைய யாரு சொன்னா? அவரு சண்டைக்குப் போனவரு."

"மூட்டை ஏத்திட்டுப் போனவருங்க. மூட்டை வரலைன்னா துப்பாக்கிக்காரன் எத்தன நாளைக்கு நிப்பான்? கல்ல மாத்துங்க, மெடலத் தாரேன்."

அவர் மாற்றவில்லை. நானும் கொடுக்கவில்லை.

விழாவில் சொந்தக்காரன் என்று எனக்குத் துண்டு போர்த்தினார்கள். மைக்கைக் கேட்டு வாங்கினேன். "கல்லுல இருக்கறது பொய்யுங்க. எங்க தாத்தா சுபேதார் இல்ல, டிரைவர். அடுத்தவன் நாட்டப் புடிச்சதுல எனக்குப் பெருமை இல்லீங்க. ஆனா அவரு செஞ்ச வேலைய அழிக்க உடமாட்டேன்" என்றேன். அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கடைசி வரிசையில் இருந்த லாரிக்காரர்கள் மட்டும் கை தட்டினார்கள்.

அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் எதிரே வந்த அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலிக்கத்தான் செய்தது. மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எதற்குக் கேட்க வேண்டும்? கேட்க மாட்டேன்.