வாடகை ரசீது இனி வேண்டாம்

புத்தூரில் என் அப்பாவின் வீட்டில்தான் நானும் இருக்கிறேன்; நைனா என்றுதான் கூப்பிடுவேன். திருப்பதியில் அலுவலக வேலை. வரிச் சலுகைக்காக, மாதம் பிறந்ததும் அவர் வங்கிக் கணக்குக்கு வாடகை அனுப்புவேன். அவர் ரசீது எழுதித் தருவார். "நம்ம குடித்தனக்காரி நேரத்துக்குக் குடுத்துட்றா," என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேலி செய்வார்.

சென்ற ஏப்ரலில் பழைய, புதிய வரித் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். புதியதில் எனக்கு வரி குறைந்தது. ஆனால் வாடகைக்குக் கழிவு கிடையாது.

"இனிமே வாடகையும் வேணாம், ரசீதும் வேணாம் நைனா."

"சரிம்மா," என்றார். அவருக்குப் பென்ஷன் இல்லை. வீட்டுச் செலவு முழுவதும் நானே செய்வதால் அவருக்குக் குறை வராது என்று நினைத்தேன்.

சில நாள் கழித்துக் குளியலறைக் குழாய் ஒழுகியது. முன்பெல்லாம் ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகுதான் என்னிடம் சொல்வார். அன்று நான் ரயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார்.

"கொழா ஒழுவிக்கினு கீது. ஆளைக் கூப்ட்டுக்கட்டுமாம்மா?"

அவர் கட்டிய வீடு. அதன் குழாய்க்கு என்னிடம் அனுமதி கேட்டார்.

ரயிலில் ஏறியதும் வாடகையை அனுப்பினேன். மாலை திரும்பியபோது குழாய் சரியாகியிருந்தது.

"வரிக்கு வேணாம்னியே, இன்னாத்துக்கு அனுப்புன?"

"உன் வீட்லதான குடியிருக்கேன் நைனா."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ எரநூறு ஏத்திக் குடு. ஊர்ல எல்லாரும் வருஷா வருஷம் ஏத்திக்கினுதான் கீறாங்க."

வரியை நான் சரியாகத்தான் கணக்கிட்டிருந்தேன். நைனா இன்றும் ரசீது எழுதித் தருகிறார். அலுவலகத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை. தேதி வரிசையில் அடுக்கி வைக்கிறேன்.