அண்ணன் அடைத்த பஞ்சு

என் அண்ணன் நல்லரத்தினம் வாய் தைத்த மூட்டையிலிருந்து ஒரு நெல்மணி கீழே விழுந்ததை யாரும் பார்த்ததில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டைகளில் அறுவடை தொடங்கினால் போதும், "நல்லரத்தினத்தக் கூப்பிடு" என்று வீட்டுக்கு ஆள் வந்துவிடும். லொறியிலிருந்து மூட்டையைத் தூக்கி எறிந்தாலும் அவர் போட்ட தையல் விடாது. தங்கச்சி என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த மனிசனோடு நான் சண்டை பிடிக்காத நாள் குறைவு. ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

போன வருடம் பாரிசவாதம் வந்து அவரது வலக் கையையும் வலக் காலையும் விழுத்திவிட்டது. ஆஸ்பத்திரியால் வந்தவர் ஏழு மாதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே கிடந்தார். ஊட்டினால் வாயைத் திறப்பார், கதைக்க மாட்டார். நான் கத்தியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

அவரை எழுப்பி உட்கார வைத்தது பஞ்சுதான். அண்ணன் மனைவி அன்னப்பூரணி, என் மச்சாள், காளான் வித்துப் போடுகிற பயிற்சிக்குப் போய்வந்து வீட்டிலேயே தொழிலைத் தொடங்கியிருந்தாள். அரைகுறையாக அவித்த நெல்லை ஈரம் போக உலர்த்திப் போத்தலில் நிரப்ப வேண்டும். போத்தல் வாயைப் பஞ்சால் அடைத்துப் பெரிய பிறசர் குக்கரில் இரண்டு மணித்தியாலம் அவிக்க வேண்டும். ஆறியதும் ஸ்பிரிட் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பஞ்சை எடுத்து, ஏற்கெனவே காளான் பிடித்த தாய் வித்தில் கொஞ்சம் உள்ளே போட்டு, அதே பஞ்சால் திரும்ப அடைக்க வேண்டும். மூன்று கிழமையில் காளான் நூல் வெள்ளை வெளேரென்று அடிவரை இறங்கி நெல்லை மூடிவிடும். அதைத்தான் காளான் வளர்க்கிற பெண்கள் வந்து வாங்கிப்போவார்கள். போத்தல்கள் எல்லாம் பழைய சாராயப் போத்தல்கள். அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து, "இந்த வீட்டில ஆருகா இவ்வளவு குடிக்கிற?" என்று கேட்டவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஒரு நாள் மச்சாள் பஞ்சையும் இரண்டு போத்தலையும் அண்ணனின் கட்டிலில் வைத்துவிட்டுக் குசினி அடுப்பைப் பார்க்க ஓடினாள். திரும்பி வந்தால், அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். போத்தலை மடியில் செருகிக்கொண்டு இடக் கையால் பஞ்சை உருட்டிப் போத்தல் வாயில் திணிக்கிறார். ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கதைத்தார்.

"அடுத்த போத்தல் எங்க?"

மச்சாள் குசினிக்குள் போய் நின்று அழுதாள். நானும்தான் அழுதேன்.

முதலில் நாலைந்து போத்தல்தான் அடைத்தார். பிறகு எல்லாவற்றையும் அவரே அடைத்தார். விடிந்ததும் பஞ்சு கேட்பார். முகம் மழிக்கச் சொன்னார். என்னோடு பழையபடி சண்டையும் பிடித்தார். அந்தச் சந்தோசத்தில் மாரி மழை வந்ததும் தெரியவில்லை, புது நெல் வந்ததும் தெரியவில்லை.

அப்போதுதான் வித்துப் பழுதாகத் தொடங்கியது. வெள்ளை பாதிப் போத்தல்வரை இறங்கும், அதோடு நின்றுவிடும். அடி நெல் நசநசவென்று புளித்த மணத்தோடு கிடக்கும். சில நாளில் மேலே பச்சைப் பூசணம் பிடித்துவிடும். மழை ஈரம் என்றோம். பிறகு புது நெல்லில் பழியைப் போட்டுப் பழைய நெல் எடுத்து அவித்தோம். பச்சை. அவியல் கூடிப்போச்சு என்று குறைத்து அவித்தோம். பச்சை. குக்கர் ரப்பரை மாற்றினோம், தாய் வித்தையும் புதிதாக எடுத்தோம். அதுவும் பச்சை! வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள். "என்ட பஞ்சு சரிதானே?" என்று அண்ணன் ஒரு நாள் கேட்டார். "உங்கட பஞ்சுக்கு என்ன குறை? பேசாம இரிங்க" என்று நான்தான் அதட்டினேன்.

பயிற்சி கொடுத்த தர்சினிப் பிள்ளை ஸ்கூட்டியில் வந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தாதீங்க அன்ரி. ஒரு தடவைக்கு ஒண்ட மட்டும் மாத்துங்க. எதுல என்ன மாத்தினதெண்டு போத்தலில எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த தடவை இருபத்துநாலு போத்தல். பதினெட்டு அடைத்ததும் அண்ணனின் கை உளைந்துவிட்டது. மிச்ச ஆறையும் நான் அடைத்தேன். பிள்ளை சொன்னாளே என்று அந்த ஆறிலும் 'கனகமணி' என்று என் பெயரை எழுதி ஒட்டினேன். வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

மூன்றாம் கிழமை அந்த ஆறும் அடிவரை வெள்ளை. மற்றப் பதினெட்டும் பாதியில் நின்று பச்சையாகிவிட்டது.

ஒரே நெல், ஒரே குக்கர், ஒரே தாய் வித்து. மச்சாள் அண்ணன் அடைத்த பஞ்சு ஒன்றை இரண்டு விரலால் பிடித்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. நான் அடைத்ததைத் திருகித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு கையால் ஒரு மனிசன் எவ்வளவுதான் இறுக்குவார்? குக்கரில் அவியும்போது அந்த இடுக்கால் ஆவி இறங்கி அடியில் தண்ணீராகத் தேங்கியிருக்கிறது. பூசணமும் அதே வழியால்தான் போயிருக்கிறது. விளக்கடியில் திறக்கும்போது பஞ்சு லேசாக வருகிறதே என்று மச்சாள் இவ்வளவு நாளும் சந்தோசப்பட்டிருக்கிறாள், பாவி.

"இனி நான் அடைக்கிறன் எண்டு அண்ணனிட்டச் சொல்லிருவமா மச்சாள்?"

"விசராகா உனக்கு?" என்று சீறினாள். "நெல்லுப் போனா வேற நெல்லு அவிக்கலாம். அவரு திரும்பவும் சுவரப் பாத்துப் படுத்தா ஆரு ஒழுப்புற?"

அதனால் ஒரு கள்ள வேலை செய்தோம். அண்ணன் அடைத்துத் தந்த போத்தல்களைக் குசினிக்குக் கொண்டுபோய், குக்கரில் வைக்க முன் பஞ்சை உருவி, நான் இறுக்கி அடைத்தேன். இருபத்துநாலும் வெள்ளையாக வந்தது. மச்சாளுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் ஓடினாள்.

"இஞ்ச பாருங்க, அடி வரைக்கும் வெள்ள! எல்லாம் நீங்க அடச்சதுதான்."

அண்ணன் இடக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். கோணின வாயோடு நல்ல சிரிப்பு. பிறகு பழக்கத்தில் பெருவிரல் பஞ்சை அழுத்தியது. அழுத்திய விரல் நின்றது. போத்தலை மடியில் செருகிப் பஞ்சை இழுத்தார். வரவில்லை. திரும்பவும் இழுத்தார்.

"இது நான் அடச்சதில்ல."

மச்சாள் தலை குனிந்துகொண்டாள். அண்ணன் என்னைப் பார்த்தார். "மணி, நீயா?"

ஊர் முழுக்க வாய் காட்டுகிறவள் நான். வாழ்க்கையில் எத்தனை பொய் சொல்லியிருப்பேன்! அந்த ஒரு பொய்க்கு மட்டும் நாக்கு எழவில்லை. "ஓம் அண்ணன்" என்றேன்.

"நல்ல இறுக்கமா அடச்சிரிக்காய்" என்றார். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். அவர் ஏசவில்லை. தலையணைக்குக் கீழே வைத்திருந்த பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

இப்போது ஒரு போத்தலும் பச்சையாவதில்லை. வராமல் விட்ட பெண்கள் திரும்ப வருகிறார்கள். நான் தினமும் காலையில் போய், "அண்ணன், எனக்குக் கை உளையுது, நாலு போத்தல் அடச்சுத் தாங்க" என்று அவரது இடக் கைக்குப் பக்கத்தில் கொஞ்சம் பஞ்சு வைக்கிறேன். பின்னேரம் வந்து பார்த்தால், வைத்த பஞ்சு வைத்தபடியே இருக்கிறது. அண்ணன் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார்.