கழுத்தில் வைத்த புறங்கை

மானாம்பதியில் சுலோச்சனாவுக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். ஆனால் அவள் வன்மம் வைத்ததில் நியாயம் உண்டு என்று எதிர்வீட்டில் குடியிருக்கும் நான் யாரிடமும் சொல்வேன்.

போன வருஷம் தை மாதம் அவள் கணவர் வேதாசலத்துக்குச் சளி பிடித்தது. அவருடைய அண்ணன் மகன் மோகன் ஒரகடம் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சளி. மோகனுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று நாள் அனலாகக் கொதித்தான், நான்காம் நாள் வேலைக்குப் போய்விட்டான். வேதாசலத்துக்கு அறுபத்தெட்டு. அவருக்கு உடம்பு சுடவே இல்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு வாயில் வைக்க மறந்தார். தன் கழனிக்கே வழி கேட்டார்.

பயந்துபோன சுலோச்சனா மோகனிடம் காரைக் கேட்டாள். அவன் வந்து, எங்கள் ஊர் வழக்கப்படி, சித்தப்பாவின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தான். அவ்வளவுதான், டாக்டராகிவிட்டான்.

“ஜொரமே இல்ல சித்தி. எனுக்கு வந்த அதே சளிதான். மூணு நாள்ல எழுந்துடுவாரு. இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கினு கீற?”

அவள் நம்பிவிட்டாள். ஐந்தாம் நாள் மூச்சு இரைத்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நுரையீரல் இரண்டும் கெட்டிருந்தன. அன்றே போய்விட்டார். வயதான உடம்பு கிருமியைக் கண்டுகொள்ளவே நாளாகும், எதிர்க்கத் தாமதமாகத்தான் கிளம்பும், அதனால் பலருக்கு ஜுரமே ஏறாது என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். நினைவு தடுமாறிய அன்றே கூட்டி வந்திருக்கவேண்டுமாம்.

பிள்ளையில்லாத வீடு. பங்காளி மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும். மோகன் ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியைத் தூக்கினான். சுலோச்சனா அதைப் பிடுங்கிக்கொண்டாள். “கொன்ன கையால கொள்ளி வெக்காத!” பெண்கள் சுடுகாட்டுக்குப் போகாத ஊரில் அவளே போய் வைத்தாள். எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் திருப்தியாகத்தான் இருந்தது.

அதன்பின் பேச்சு வார்த்தை இல்லை. மோகன் வீடு பக்கத்து வீடு. அந்தப் பக்கத்து ஜன்னலை ஆணி அடித்து மூடினாள். விளக்கேற்றும்போதெல்லாம், “அவனும் ஒருத்தர பறிகொடுத்துட்டு நிக்கணும்” என்று சாமியிடம் சத்தமாகவே கேட்டாள்.

இந்த மார்கழியில் மோகனின் அம்மா ராணியம்மாளுக்குச் சளி வந்தது. எழுபது வயது. குழாயடியில் குடத்தை நிரப்பி, அங்கேயே கவிழ்த்தாள். சுலோச்சனாவைப் பார்த்து, “தம்பி கழனியிலேர்ந்து வந்துட்டாரா?” என்று கேட்டாள். செத்துப்போன வேதாசலத்தைத்தான் கேட்டாள்.

மோகன் ஓடிவந்து அம்மாவின் கழுத்தில் புறங்கையை வைத்தான். “ஜொரம் இல்லியேம்மா.”

சுலோச்சனா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கேட்ட வரம் கிடைத்துவிடும். குடத்தோடு அப்படியே நின்றாள். பிறகு தெருவே திரும்பும்படி கத்தி ஆட்டோவை நிறுத்தி, ராணியம்மாளை ஏற்றிக்கொண்டு போனாள்.

எட்டாம் நாள் ராணியம்மாள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தாள். மோகன் சுலோச்சனாவின் காலில் விழுந்தான்.

“எங்கம்மாவ காப்பாத்திட்ட சித்தி. பழச மன்னிச்சிடு.”

அவள் காலை இழுத்துக்கொண்டாள். “மன்னிக்கவா கூட்டிக்கினு போனேன்? அதே சளி, அதே ஆஸ்பத்திரி. நேரத்தோட போனா பொழைக்கலாம்னு இப்போ தெரிஞ்சுச்சில்ல? தெனம் ஒங்கம்மா மூஞ்சப் பாரு. ஒங்க சித்தப்பா எப்டி செத்தாருன்னு புரியும்.”

மோகன் இப்போதெல்லாம் அம்மா சாப்பிடும்போது எதிரில் உட்காருவதில்லை.