குடைக்கார அக்காவும் பதினொரு பஸ்களும்

சென்ற வாரம் சித்தப்பா எனக்கு ஒரு பாட்டை அனுப்பினார். கூடவே ஒரு குரல் செய்தி: “நம்ம பாட்டுதான். இரைச்சல் கூட இருக்கு. உன் மிஷின்ல போட்டுக் கொஞ்சம் கிளீன் பண்ணித் தா. மகள் கேக்கணுமாம்.” அவர் மகளுக்கு ஒன்பது வயது. அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது எனக்கும் ஒன்பது வயதுதான்.

ஒலிப்பதிவுகளிலிருந்து இரைச்சலைப் பிரித்தெடுப்பது என் தொழில். எந்தப் பதிவு வந்தாலும் முதலில் அதன் குறைகளை வரிசையாக எழுதிக்கொள்வேன். இதற்கு எழுதியவை: தொடக்கத்தில் பதினெட்டு விநாடிக்குச் சைரன். கண்ணாடி உடையும் சத்தம், நான்கு இடங்களில். வயிற்றிலிருந்து இழுத்து வரவழைத்த கரகரப்பு. ‘யோ’ என்ற சொல் முப்பத்தொரு தடவை. சித்தப்பா ஒருநாளும் ஏறியிராத கார்களின் பெயர்கள். இருட்டிய பிறகு வெளியே நிற்க என் அப்பாவிடம் அனுமதி கேட்ட ஒருவர், தன்னைக் கண்டால் எங்கள் ஊர் மஹய்யாவையே நடுங்கும் என்று சொல்லும் இரண்டு வரிகள். எழுத எழுதச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் கோரஸ் வந்தது. அதைப் பாடுவது நான்.

அப்போது நாங்கள் மஹய்யாவையில் இருந்தோம். அப்பாவின் தம்பியான சித்தப்பா கல்யாணமாகாதவர். கண்டி நகரத்தில் போன் திருத்தும் கடை ஒன்றில் வேலை. இடுப்பை விட்டு இறங்கிய காற்சட்டை, அடை மழையிலும் கறுப்புக் கண்ணாடி. அந்த வருடம் ஊரில் மீசை முளைத்த எல்லாரும் ராப் பாடினார்கள். சித்தப்பா தனக்கு ‘எம்.சி. மகாவலி’ என்று பெயர் சூட்டிக்கொண்டார். எனக்கு ‘பேபி எம்.சி.’ என்ற பட்டம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அப்படி ஒரு பெயர் இல்லை.

பதிவு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மாவின் சேலை அலுமாரிக்குள். மைக்கிற்கு என்னுடைய பள்ளிக்கூடக் காலுறையை மாட்டியிருந்தார். இன்று தொழில் தெரிந்து சொல்கிறேன், அந்த அலுமாரி மிகச் சரியான தேர்வு. சேலைகள் எதிரொலியை விழுங்கிவிடும். நான் கீழ்த்தட்டில், ஒரு காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன். கட்டைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் சித்தப்பாவின் அடையாள அட்டையின் போட்டோ கொப்பிகள். எண்ணினேன். பதினான்கு.

அதற்கு முந்தைய மாதங்களில் சித்தப்பாவுக்கு அடிக்கடி போட்டோ கொப்பி தேவைப்பட்டது. கட்டுகஸ்தோட்டையில் என் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஒரு கொமியூனிகேஷன் இருந்தது. போன் பேசவும் கொப்பி எடுக்கவும் சனம் போகும் கடை. என்னைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் அதற்குள் நுழைந்து அட்டையை நீட்டுவார். பிறகு ஒருநாள் திடீரென்று அந்தத் தேவை தீர்ந்துபோனது. அடுத்த வாரம் பாட்டு எழுதினார். இந்த இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

முதலில் பாட்டில் துப்பாக்கிச் சத்தம் இருந்தது. அப்பா வாசலில் நின்று கேட்டார். “பஸ்ஸுல இது கேட்டா சனம் சீட்டுக்கு அடியில போயிரும். எடுத்துரு” என்றார். யுத்த காலம், நாட்டு நிலைமை அப்படி. துப்பாக்கி போய்க் கண்ணாடி வந்தது. மற்ற வரிகளைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவோ ராப்பில் வரிகள் இருக்கும் என்றே நம்பவில்லை.

என்னுடைய பகுதி இவ்வளவுதான்:

“அக்கா அக்கா, குடைய மடக்கு!
ஆட்டம் போதும், கொஞ்சம் அடக்கு!”

ஏழு தடவை பாட வைத்தார். ஏழாவது தடவையில் தொண்டை கிழிந்தது. அதுதான் சரியாக வந்தது என்றார்.

வானொலிக்குப் போக எங்களுக்கு வழி தெரியாது. வழி பஸ்தான். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு ஓடும் பஸ்களில் சாரதிக்கு என்ன பிடிக்கிறதோ அதைத்தான் ஊரே கேட்கும். சித்தப்பா பாட்டைச் சீடிகளில் ஏற்றி, மேலே மார்க்கர் பேனாவால் எங்கள் இரண்டு பெயரையும் போட்டு, “நுவர, நுவர” என்று கண்டிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும் கண்டக்டர்களின் கையில் திணித்தார்.

மூன்றாம் நாள், அம்மாவோடு வீட்டுக்குப் போகும்போது, பஸ் மகாவலிப் பாலத்தை நெருங்கும் நேரத்தில் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் சைரன் ஊளையிட்டது. அடுத்து என் குரல். என் சொந்தக் குரல், அவ்வளவு பெரிதாக, இவ்வளவு பேருக்கு மேலே! பின் சீட்டுப் பையன்கள் ஒரே குரலில் “குடைய மடக்கு” என்று கத்தினார்கள். மறுபக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் தோளைத் தட்டி, “நான்தான், நான்தான்” என்றேன். அம்மா தொடையில் கிள்ளினார். அந்தக் கிள்ளலும் இனித்தது.

அன்றைக்கே ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் கோடு போட்டுவிட்டேன். அம்மா வேலை செய்த தையல் கடை கட்டுகஸ்தோட்டை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்தது. சித்தப்பா கூட்டிப்போக வருவது நின்றுவிட்டதால், பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவின் வேலை முடியும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். மாலையில் கண்டிக்குப் போகும் பஸ்கள் பதினொன்று. எண்கள் எனக்குத் தேவைப்படவில்லை. கிளிப்படம் ஒட்டிய பஸ், பச்சை விளக்கு பஸ், ஹோர்ன் அழும் பஸ் என்று நானே பெயர் வைத்தேன். நிரல்கள் நான்கு: பஸ், பாட்டுப் போட்டதா, எத்தனை தடவை, ரசிகர்கள். இரண்டாம் வார முடிவில் பதினொன்றில் எட்டு எங்கள் கையில். மீதி மூன்றையும் பிடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

ரசிகர் நிரலில் முதலிடம் ஒரு நீலக் குடைக்கு. கொமியூனிகேஷனில் வேலை செய்த அக்காதான் அது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வருபவர் என்று அம்மா சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு அவர் பஸ்ஸில் கால் வைத்தால் போதும், கண்டக்டர் சாரதிக்குக் கை காட்டுவார், சத்தம் கூடும், பின் சீட்டு கோரஸ் பாடும். வேறு யாருக்கும் அந்த மரியாதை கிடையாது. ‘இவர் ஏறினால் சத்தம் கூடும்’ என்று எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டேன். பாட்டில் வரும் அக்காவும் இந்த அக்காவும் ஒன்றாக இருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை என்றால், கண்டியில் குடை இல்லாத அக்கா எங்கே இருக்கிறார்?

ஒருநாள் அம்மாவிடம் கெஞ்சி, பட்டியலைக் கொப்பி எடுக்கக் கிளம்பினேன். சித்தப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கண்டக்டர்களுக்குக் காட்ட ஒன்று. நீலக் குடை கடை மூலையில் சாய்ந்திருந்தது. அக்கா பக்கத்தை வாங்கி மிஷினில் வைக்கப் போனவர், நிறுத்தி வாசித்தார்.

“இது என்ன லிஸ்ட் பாப்பா?”

“எங்க பாட்டுப் போடுற பஸ்ஸு அக்கா.”

“எந்தப் பாட்டு?”

எட்டு பஸ்ஸிலும் கேட்டவர் இப்படிக் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. சந்தேகம் தீரட்டும் என்று, கவுண்டருக்கு முன்னால் நின்று, சித்தப்பா செய்வதுபோல் விரல்களை வெட்டி வெட்டி ஆட்டி, முழுக் கோரஸையும் பாடிக் காட்டினேன். அக்கா பக்கத்தை மிஷினில் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டிருந்தார். மிஷினின் வெளிச்சம் மூடிக்கு அடியில் போய்ப் போய் வந்தது.

“நீயா பாடுனது?”

“நான்தான் பேபி எம்.சி. மத்தது எங்க சித்தப்பா.”

அவர் மூடியைத் திறந்து பக்கத்தை எடுத்தார். “நல்ல குரல்” என்றார். பிறகு பக்கத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, “இதுல பாட்டுப் போடாத பஸ் எது?” என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒளித்து என்ன பயன் என்று மூன்றையும் விரலால் காட்டினேன். இரண்டில் ரேடியோ பழுது. மூன்றாவது சிவப்பு நிற அரச பஸ், அதில் ரேடியோவே கிடையாது. அவர் மூன்றையும் பேனாவால் வட்டமிட்டார். அவருடைய ஏமாற்றம் எனக்குத் தாங்கவில்லை.

“கவலப்படாதீங்க அக்கா. அதுலயும் சீக்கிரம் போட்டுருவோம்.”

“அவசரம் இல்ல பாப்பா” என்றார்.

தனக்கும் ஒரு கொப்பி எடுத்துக்கொண்டார். நான் கேட்காமலே அதன் அடியில் என் பெயரை எழுதி, ‘பேபி எம்.சி.’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் வாழ்க்கையின் முதல் கையெழுத்து. அவர் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். நான் தையல் கடைக்கு நடக்கவில்லை, பறந்தேன்.

வீட்டில் சித்தப்பா சோற்றுக் கோப்பையோடு இருந்தார். நீலக் குடை அக்கா பட்டியலையே கொப்பி எடுத்து வைத்துக்கொண்டார் என்றதும் பிசைந்த கை நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம். என்ன கேட்டார், சிரித்தாரா, நல்ல குரல் என்று சொன்னது யாருடைய குரலை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என் குரலைத்தான் என்றேன். “சரி, அதுவும் நம்ம பாட்டுதானே” என்றார்.

மறுநாள் அவர் வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பிக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தார். சவரம் செய்து, சென்ட் அடித்து, பாட்டை அதிகம் போடும் கிளிப்பட பஸ்ஸில் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் தொப்பியை வைத்து இடம் பிடித்தார். நான் தையல் கடையிலிருந்து கை காட்டினேன். பஸ் நிறைந்தது. தொப்பியை எடுக்கச் சொல்லி ஒருவர் சண்டை பிடித்தார். சைரன் ஊளையிட, பஸ் சித்தப்பாவைக் கொண்டுபோனது. அது வளைவில் மறைந்த பிறகு அக்கா கடையிலிருந்து வந்து, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்து, அடுத்து வந்த சிவப்பு பஸ்ஸில் ஏறினார்.

பஸ்ஸைத் தவற விட்டிருப்பார் என்றார் சித்தப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் சித்தப்பா இடம் பிடித்தது பச்சை விளக்கு பஸ்ஸில், அதற்கு அடுத்த நாள் ஹோர்ன் அழும் பஸ்ஸில். மூன்று நாளும் அக்கா தவற விட்டார். ஒரு ரசிகைக்கு இப்படியும் துரதிர்ஷ்டம் உண்டா என்று எனக்கு அழுகை வந்தது. பட்டியலை எப்படி வாசிப்பது என்று போய்ச் சொல்லிக்கொடுக்கலாமா என்றும் யோசித்தேன்.

நான்காம் நாள் சித்தப்பா வரவில்லை. ஐந்து மணிக்குப் பலத்த மழை. கொமியூனிகேஷன் கதவைச் சாத்திவிட்டு அக்கா வெளியே வந்தார். கையில் குடை இல்லை. சொப்பிங் பையொன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தரிப்பிடத்தில் நின்றார். கிளிப்பட பஸ் வந்து நின்று போனது, ஏறவில்லை. பச்சை விளக்கு பஸ் வந்து போனது, ஏறவில்லை. தலைமுடி முகத்தோடு ஒட்டியிருந்தது. சிவப்பு பஸ் வர இருபது நிமிடம் எடுத்தது.

எனக்கு உள்ளே பட்டாசு வெடித்தது. ஒரு பாட்டு சொன்னதை ஓர் ஆள் அப்படியே செய்துவிட்டார்! குடையை மடக்கு என்றேன், மடக்கிவிட்டார்! வீட்டுக்கு ஓடிப்போய் மூச்சு வாங்கச் சொன்னேன்.

சித்தப்பா உடனே சிரிக்கவில்லை. “மழ பெஞ்சிச்சா?” என்று கேட்டார்.

“நல்ல மழ சித்தப்பா. முழுசா நனஞ்சிட்டாங்க.”

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அடுத்த வாரம் பாட்டு ஒவ்வொரு பஸ்ஸாகக் காணாமல் போனது. கிளிப்பட பஸ்ஸில் இல்லை. பச்சை விளக்கில் இல்லை. எட்டு ஏழாகி, நான்காகி, பூச்சியமானது. ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டு அழுதேன். போட்டி எம்.சி. எவரோ சதி செய்கிறார் என்று சித்தப்பாவிடம் முறையிட்டேன். இருக்கும் என்றார். சீடிகள் அம்மாவின் சேலை அலுமாரியின் கீழ்த்தட்டில், அடையாள அட்டைக் கொப்பிகளுக்கு மேலே அடுக்கியிருந்ததை நான் பார்த்தது பல மாதம் கழித்து. மீதி வந்தவை என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற வாரம்தான் மற்ற வரிகளைக் காது கொடுத்துக் கேட்டேன். என்னைக் கண்டால் குடையைச் சாய்ப்பாள் என்கிறது ஒரு வரி. லயத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொமியூனிகேஷன் கதிரையில் என்ன ராணி வேஷம் என்கிறது இன்னொன்று. நல்ல ஹெட்போனில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கிறது. இரைச்சல் என்று எடுக்க அதில் அதிகம் இல்லை.

சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். இரண்டாவது பகுதியை அண்மையில் கேட்டீர்களா என்றேன். அவர் டீவிச் சத்தத்தைக் குறைத்தார். “பாட்டு வேணாம். பீட்ட மட்டும் எடுத்துத் தா. பிள்ள ஆடட்டும்” என்றார்.

முயன்றேன். அவருடைய குரலைச் சுத்தமாக எடுக்க முடிந்தது. தனியாகப் பதிந்த குரல் அது. என்னுடையதை பீட் ஓட ஓட அதன் மேலேயே பதிந்திருக்கிறார். எப்படிப் பிரித்தாலும் பின்னால் மெல்லியதாக நிற்கிறது, உற்சாகம் பொங்க, தொண்டை கிழிய.

அந்தப் பழைய பள்ளிக்கூடக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பதிவு அந்த நான்காம் நாளுடையது: ‘அக்கா குடை கொண்டு வரவில்லை. வெற்றி.’ பக்கத்தில் மூன்று நட்சத்திரம், நான் யாருக்குமே போடாத அளவு. அந்த வரிக்கு மேலே அழகாகக் கோடு போட்ட என் நான்கு நிரல்கள் இருக்கின்றன. பஸ், பாட்டுப் போட்டதா, எத்தனை தடவை, ரசிகர்கள். மழைக்கு ஒரு நிரல் வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.