சட்டைப் பையில் இருந்த சிவப்புக் கிளிப்

தனபால் சார் இறந்த செய்தி நமது குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. பட்டறையில் ஒரு ஜெனரேட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் எண்ணெய். போனைத் துடைத்துப் பார்த்தால் அவர் படமும், அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகளும். நான் கும்பிடு போடவில்லை. பட்டறையைச் சாத்திவிட்டு, கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாலை வாங்கிக்கொண்டு நேரில் போனேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் சங்கச் செயலாளர் பட்டறைக்கு வந்தார். "அண்ணே, சங்கத்து ஆண்டு மலர்ல சாரப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. உங்களுக்குத்தான் அவரோட நல்ல பழக்கம்" என்றார். ஒரு வரியும் வெட்டக் கூடாது என்றேன். ஒப்புக்கொண்டார். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று இனித்தான் அவருக்குத் தெரியும்.

தனபால் சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இன்ஜின் சோதித்தவர். ஓய்வு பெற்ற பின் நமது தெருவில் வீடு கட்டி வந்தார். ஒருநாள் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். ஸ்டார்ட் ஆகவில்லை. நான் ஸ்பானரை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"முதல்ல கண்ணால பாரும்வே. பொறவு கையால தொடும்."

பார்த்தேன். பெட்ரோல் குழாய் மூடியிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னா சார், என் பட்டறைலயே எனக்குப் பாடமா?" என்றேன். "பாடம் இல்லவே. அந்தக் குழாய மூடுனதே நான்தான். நீரு எப்படிப்பட்ட ஆளுன்னு பாக்கணும்லா" என்று சிரித்தார். அன்று முதல் தினமும் பதினொரு மணி டீக்கு வருவார். வந்தால் சண்டைதான். நான் எங்கும் படித்தவனில்லை. பழைய இன்ஜின்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றவன். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

முதல் வெள்ளத்துக்குப் பிறகு சங்கம் ஒரு ரப்பர் படகும், அதன் பின்புறம் மாட்டும் மோட்டாரும் வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதை யார் பொறுப்பில் விடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. சான்றிதழ் உள்ளவர் தனபால் சார், அவரிடமே விட்டார்கள். நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் மோட்டாரை இறக்கி, மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். நான் தூர நின்று சத்தம் மட்டும் கேட்பேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

அவருடைய தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்ததாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர் அதன் பியூஸ் கட்டையைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவரே திரும்ப வந்து மாட்டும்வரை வேறு எவனும் அதை ஓட்ட முடியாது. "பையில கட்ட இருந்தா உள்ள இருக்கவன் கை பத்திரம்" என்பார். பல பேருடைய விரல்களைக் காத்த நல்ல வழக்கம். நமது தெருவில் அதுவே கெடுத்தது.

மறுபடி ஏரி நிரம்பி நம் தெருவில் மார்பளவு தண்ணீர் வந்த அந்தக் காலை, தெருக்கோடி வீட்டு மேரி டீச்சருக்கு டயாலிசிஸ் நாள். ஏற்கெனவே ஒருநாள் தள்ளிப்போயிருந்தது. முகம் வீங்கி, மூச்சு வாங்கப் படகில் உட்கார்ந்திருந்தார். தனபால் சார் மோட்டாரின் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். ஒரு முறை கூட அது இருமவில்லை. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உலோகத்தில் வைத்து, கயிற்றை இழுக்கச் சொன்னேன். பொறி இல்லை. "சார், கரண்டு வரல" என்றேன். "இல்லவே, பெட்ரோல்ல தண்ணி எறங்கியிருக்கு" என்றார் அவர். "பெட்ரோலு பெட்ரோலுன்னு சொல்லிகினு கீறீங்க. பொறியே இல்லாத இன்ஜினுக்கு அமுதம் ஊத்தினாலும் ஓடாது சார்!" என்று கத்தினேன். அவர் பெட்ரோல் குழாயில் இருந்த ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கிப் பெட்ரோலை ஏற்றினார். நான் மாடி வீட்டு அடுப்பில் பிளக்கைச் சுட்டு எடுத்து வந்தேன். மறுபடியும் பொறி இல்லை. பொறிக்குக் கரண்டு தரும் இக்னிஷன் காயில் நனைந்திருக்கிறது என்று முடிவு கட்டி, மழையிலேயே அதைக் கழற்றினேன். ஒரு நட்டு கைநழுவித் தண்ணீரில் விழுந்தது. அதோடு கதை முடிந்தது.

கடைசியில் படகைக் கயிறு கட்டி ஆறு பேர் இழுத்துப் போனார்கள். மெயின் ரோடு போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டீச்சர் இரண்டு வாரம் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார். "தண்ணிக்கு நான் பயப்படல வேலு. நீங்க ரெண்டு பேரும் போட்ட சண்டையிலதான் பாதி உசுரு போச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார். அவர் சொல்லலாம்.

வெள்ளம் வடிந்த பின் நடந்த சங்கக் கூட்டத்தில் செயலாளர் எழுந்தார். "முறையா தெரிஞ்சவரு ஒருத்தர் இருக்கும்போது, கண்டவங்க கையில குடுத்துப் பிரிச்சுப் போட்டதுதான் தப்பு" என்றார். இனி வேலு மோட்டாரைத் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நீங்கள் எல்லோரும் கை தூக்கினீர்கள். தனபால் சார் கை தூக்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்காக வருந்துகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பட்டறைக்கு வந்தார். டீ வேண்டாம் என்றார். உள்ளங்கையை விரித்தார். சிவப்புச் சுருள் கயிறும், அதன் முனையில் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கிளிப்பும் இருந்தன. அந்த மோட்டாரில் ஒரு பொத்தானுக்கு அடியில் இது மாட்டியிருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை ஓட்டுபவர் கையில். அவர் தண்ணீரில் விழுந்தால் கிளிப் கழன்று மோட்டார் நின்றுவிடும். கிளிப் இல்லையென்றால் பொறி வராது. தரையில் ஓடும் இன்ஜின்களையே பிரித்த எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரியும். டிரம்மில் ஓட்டிப் பார்த்த பிறகு, பழைய வழக்கப்படி கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். வெள்ளத்தன்று வேறு சட்டை.

"எப்ப சார் பாத்தீங்க?"

"முந்தாநேத்து. சட்டையத் துவைக்கப் போடும்போது."

கூட்டம் நடந்தது நேற்று.

"சங்கத்துல சொல்றீங்களா?"

"சொல்றேன்."

அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை மழைக்காலம் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஒவ்வோர் ஐப்பசியிலும் அவர் பட்டறை வாசலுக்கு வருவார். "வேலு, மோட்டார ஒருதரம் வந்து பாரும்வே. எனக்கு இழுக்கத் தெம்பில்ல" என்பார். "சொல்லிட்டீங்களா சார்?" என்பேன். "இல்ல." "அப்போ போய் வாங்க." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. பதினொரு மணி டீ நின்றுபோனது. நானே கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்று இருந்துவிட்டேன். அவர் வாயால் வர வேண்டும். முப்பது ஆண்டில் தன் கையால் ஒரு தவறும் நடந்ததில்லை என்று அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்திருந்தார்கள். அது அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாலை போடப் போனபோது அதன் கீழேதான் அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

போன வாரம் செயலாளர் சாவியைக் கொடுத்து, மழைக்கு முன் மோட்டாரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். தீர்மானம் என்ன ஆனது என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். ஷெட்டைத் திறந்தால், மோட்டார் மேல் பாலிதீன் உறைக்குள் தனபால் சாரின் கையெழுத்தில் ஒரு தாள். 'ஸ்டார்ட் ஆகாவிட்டால்' என்று தலைப்பு. முதல் வரி, சிவப்புக் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவும். அந்த வரிக்கு மட்டும் கீழே இரண்டு கோடு. அதற்குப் பிறகுதான் பெட்ரோல், அதற்குப் பிறகுதான் பிளக். ஏன் அது முதல் வரி என்று அவர் எழுதவில்லை. கழன்று வரும் அளவுக்கு நீளம் விட்டு, கிளிப்பை மோட்டாரின் கைப்பிடியோடு எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார். இனி எவர் சட்டைப் பைக்கும் அது போகாது. ஊருக்கெல்லாம் தன் தவறைத் திருத்திவைத்துவிட்டு, என் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

டிரம்மில் இறக்கி, கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் ஓடியது.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். முதலில் கண்ணால் பார் என்ற அவருடைய பேச்சை நான் வைத்துக்கொள்கிறேன். அன்று மழையில் அவரும் அதைச் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. அந்த வெற்றுப் பொத்தான் எங்கள் இருவர் முகத்துக்கும் நேராகத்தான் இருந்தது. அதில் பாதி என் தவறு. இன்னொன்றையும் வைத்திருக்கிறேன், அந்தச் 'சொல்றேன்' என்ற சொல். இத்தனை நாள் அது என் பட்டறையிலேயே கிடந்தது.

சார், சொல்லிவிட்டேன்.